நங்கூரப் பொத்தான் கோட்டு

— மரியாதைக்கு ஆறணா, கோட்டுக்கு ரெண்டணா. ஆக எட்டணா எடுங்க, கிறிஸ்துதாஸ் ஐயா.

— துணி வெளுக்குறவ நீ. தனக்கொடி, என்னைக்கு மரியாதையை நிறுத்து விக்க ஆரம்பிச்ச? அதுவும் வாய்க்கால் பாலத்துல நின்னுக்கிட்டு?

— வெளுத்த துணியை வாடகைக்குக் கேட்டு நீங்கல்லாம் வர ஆரம்பிச்ச அன்னைக்கு. கோட்டு இல்லாம வேலை கேக்கப் போனா கம்பெனி துரை நிக்க வச்சே பேசி அனுப்பிடுவாரு. கோட்டோட போனா உக்காருன்னு சொல்லுவாரு. அந்த ஆறணா நீங்க உக்கார்றதுக்கு.

— நாலணா தரேன். வாய்க்காலுக்கு அந்தாண்ட வெள்ளைக்காரத் தெருவுல அரை மணி நேரம் போட்டுட்டு வரப்போறேன். அவ்வளவுதானே, தெரிஞ்சுக்கோ.

— நாலணாவுக்குக் கை இல்லாத கோட்டு ஒண்ணு கிடக்குது. எடுத்தாரட்டுமா?

— கிண்டலா? சரி, நாலரை.

— ஏங்க, கடலைக் கம்பெனியில கணக்கப்பிள்ளை உத்தியோகம், மாசம் முப்பது ரூபா. இது கிடைக்கலன்னா அரியாங்குப்பத்துப் பொண்ணை வேற எடத்துல குடுத்துடுவாங்கன்னு நீங்கதானே பொலம்புனீங்க? மூணரையணாவுல அந்தப் பொண்ணைக் கோட்டை விடப் போறீங்களா?

— அஞ்சணா. இதுக்கு மேல ஒரு தம்படி கிடையாது. பிடி.

— காசை எண்ணிக்கிட்டேன். கையை நீட்டுங்க. இன்னொரு கை.

— என்ன இது, கோட்டு சூடா இருக்குது?

— இப்பத்தான் இஸ்திரி போட்டேன்.

— அக்குள்ல கூடவா இஸ்திரி போட்ட? ஈரமா வேற இருக்குது.

— தண்ணி தெளிக்காம எவன் தேய்க்குறான்? உடுத்தத் தெரிஞ்சவங்களுக்குத் தேய்க்கத் தெரியாதே. நிமிந்து நில்லுங்க.

— பொத்தான் பிரமாதம். பித்தளையில நங்கூரம்! யாரோடது?

— கப்பல் காப்பித்தான் ஒருத்தரோடது. வெளுக்கப் போட்டுட்டு சைகோன் போனவரு, போனவருதான். இந்த மாதிரி ஊர்லயே இன்னொண்ணு கிடையாது. ஒரு தடவை பாத்தவங்க மறக்க மாட்டாங்க.

— அதான் வேணும். துரை என்னை மறக்கவே கூடாது.

— மறக்க மாட்டாரு. சரி, நான்தான் துரை. உள்ள வாங்க பாக்கலாம்.

— பொன்ழூர், முசே!

— அதோட கும்பிடு எதுக்குங்க? ரெண்டுல ஒண்ணைப் போடுங்க.

— எனக்கு நீ சொல்லித் தர்றியா? அஞ்சு வருஷம் சாமியார் பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு படிச்சவன், தெரிஞ்சுக்கோ.

— அந்த துரை வீட்டுத் துணியை எட்டு வருஷமா வெளுக்குறவ நான். இந்த வேலையை உனக்கு ஏன் குடுக்கணும்னு கேப்பாரு. என்ன சொல்லுவீங்க?

— எங்க குடும்பம் மூணு தலைமுறையா பிரான்சு தேசத்துக்கு விசுவாசமா...

— அவருக்குக் கடலை மூட்டையைத் தப்பில்லாம எண்ணுற ஆளு வேணும். உங்க தாத்தாவோட விசுவாசத்தை எந்த மூட்டையில கட்டி ஏத்துறது?

— அழுக்குத் துணியைத் தவிர உனக்கு என்ன தெரியும்? துரையைப் பாக்க ஆறு பேருக்குச் சீட்டு குடுத்திருக்காங்க, ஆளுக்கு அரை மணி நேரம். என்னோடது அஞ்சாவது. முன்னால போன நாலு பேரும் கந்தலைச் சுத்திக்கிட்டுத்தான் போயிருப்பானுங்க. கோட்டைக் கண்ணால கண்டிருப்பானுங்களா?

— அதானே! ஓடுங்க, மணி அடிச்சாச்சு. முடிஞ்சதும் நேரா இங்க வந்து கழட்டிடணும்.

— வேலை கிடைச்சா என் துணியெல்லாம் உனக்கே போடுறேன், போ.

— ரொம்பப் பெரிய மனசுங்க.

— அக்கா... அவன் போயிட்டானா?

— போயிட்டான். மரத்துக்குப் பின்னால இருந்து வாடா, கலியபெருமாளு. சட்டையைக் கசக்காம வா.

— அஞ்சு பேருக்கும் அந்த ஒரே கோட்டையா குடுத்த?

— நம்மகிட்ட இருக்குறதே ஒண்ணுதானே? மூணாவதா போனவன் அழுதுக்கிட்டே வந்தான். துரை பொத்தானைத் தொட்டுப் பாத்து, 'காலையிலேர்ந்து இந்தக் கோட்டு மூணாவது தடவையா வேலை கேக்குது, பேசாம இதையே வேலைக்கு வச்சுக்கட்டுமா'ன்னாராம்.

— ஐயோ பாவம், அக்கா!

— யாருடா பாவம்? போன மாசம் கம்பெனி வாசல்ல உன்னைப் பாத்து, 'அழுக்கு மூட்டை எங்கடா'ன்னு கேட்டு ஊரே கேக்குற மாதிரி சிரிச்சது யாரு? இதே கிறிஸ்துதாஸ்தானே?

— அவன்தான். கூட இருந்த நாலு பேரும் சேந்து சிரிச்சானுங்க.

— அந்த அஞ்சு பேருதான் இன்னைக்குக் கோட்டு மாட்டுனவனுங்க. எட்டணா, ஏழணா, ஆறணா, ஆறணா, அஞ்சணா. எவ்வளவு ஆச்சு, சொல்லு.

— ரெண்டு ரூபா.

— வரவு ரெண்டு ரூபா, பாக்கி ஒரு உத்தியோகம். ஆறாவது சீட்டு பையில பத்திரமா இருக்குதில்ல? உன் சொந்தச் சட்டையோட போய் அந்தப் பாக்கியை வசூல் பண்ணிட்டு வா.