முதல் அளவு

தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பேன். நீங்கள் குடியுங்கள் ஐயா, எனக்காகக் காத்திருக்க வேண்டாம். விபத்தை விசாரிக்க வந்த உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும். எனக்கு அவசரம் ஒத்துவராது. இங்கே எனக்கு 'ஆமை' என்று பெயர் வந்ததே அதனால்தான். வைத்தவன் என் மச்சினன், என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

காகிதக் கட்டுகளை வெட்டும் இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு மின்சுற்று போர்டு செய்கிறோம். கத்திக்குக் கீழே ஒரு ரப்பர் பட்டை இருக்கும். கை பட்டால் அதன் மின்தடை குறையும். போர்டு அதை அளந்து கத்தியைப் பூட்டிவிடும். அளக்கும் விதம் எளிது. கெப்பாசிட்டர் என்பது மின்சாரத்துக்கான சின்னத் தொட்டி. அதைப் பட்டை வழியாக நிரப்பி, ஒரு மட்டத்தைத் தொட எவ்வளவு நேரமாகிறது என்று எண்ண வேண்டும். சீக்கிரம் நிரம்பினால் கை இருக்கிறது, தாமதமானால் இல்லை.

என் போர்டு ஒவ்வொரு முறையும் தொட்டியை அடிவரை வடித்துவிட்டுத்தான் மறுபடி நிரப்பும். பதினோரு வருடத்தில் யாருக்கும் ஒரு நகம்கூடப் போனதில்லை. அப்புறம் என் மச்சினன் இங்கே வேலைக்குச் சேர்ந்தான். "எதுக்கு மாமா முழுசா வடிக்கணும்? மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ இறக்கிட்டு உடனே நிரப்பினா போதுமே" என்றான். போதும்தான். என் போர்டு ஒருமுறை பார்ப்பதற்குள் அவனுடையது முப்பது முறை பார்த்தது. முதலாளி என் மேஜையை ஜன்னலோரத்திலிருந்து எடுத்துக் கழிவறைப் பக்கம் போட்டார். ஆய்வுக்கூடத்துக்குப் பெயரளவில் மட்டும் நான் மேற்பார்வையாளன். வீட்டில் மனைவி பரிமாறிக்கொண்டே, "உங்க போர்டு கொட்டாவி விட்டு முடிக்கிறதுக்குள்ள என் தம்பியோடது வேலையையே முடிச்சிடுதாமே" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன்.

அவன் வழியில் ஒரே ஒரு சங்கடம் உண்டு. இயந்திரத்தைப் போட்டவுடன் தொட்டி காலியாக இருக்கும். அதனால் முதல் அளவு மட்டும் நேரமெடுக்கும். கை இருந்தாலும் இல்லை என்று பொய் சொல்லும். அவனுக்கும் அது தெரியும். முதல் அளவைத் தூக்கிப் போடச் சொல்லி புரோகிராமில் ஒரு வரி எழுதிவைத்திருந்தான். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை.

வாடிக்கையாளர்கள் வந்தால் அவனுக்கு ஒரு பழக்கம். கத்தியை இறக்கும் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொல்லி, வெறுங்கையைக் கத்திக்கடியில் வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் சுவிட்சைப் போடச் சொல்வான். "கண்ணு முழிச்சதுமே கையைப் பார்த்துடுது பாருங்க" என்பான். பெடலுக்கு என்னைத்தான் கூப்பிடுவான். "மத்தவங்க கால் மேல எனக்கு நம்பிக்கை இல்ல மாமா."

அன்று வியாழக்கிழமை. காலை பத்தரைக்கு நான்கு பேர் வந்திருந்தார்கள். அவன் சட்டைக் கையை மடித்துவிட்டு வலது கையை வைத்தான். "மிதிங்க மாமா" என்றான். மிதித்தேன். வந்தவர்களில் ஒருவர் சுவிட்சைப் போட்டார். அந்தக் கத்தி ஒருமுறை கிளம்பினால் நடுவில் நிற்காது, கீழே போய்விட்டுத்தான் திரும்பும். நான்கு விரல்கள். அவன் கத்தவில்லை. அளவு எங்கே தப்பியது என்று தேடுகிறவனைப் போல ரப்பர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் அழுதான். "நான்தான் அவசரப்பட்டுட்டேன் மாமா. அந்த வரியை எங்கேயோ விட்டிருக்கேன்." தலையைத் தடவிக்கொடுத்து, "விடுடா, யாருக்கும் நடக்கிறதுதான்" என்றேன். இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். காலையில் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது நான்தான், மேலிருந்து ஒவ்வொன்றாக. அவன் வெட்கத்தில் சுவரைப் பார்த்தபடி நிற்பான். மனைவி கண் கலங்கிப் பார்க்கிறாள். என் பொறுமையின் அருமை தெரிய அவளுக்கு இத்தனை வருடம் ஆயிற்று.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். மேற்பார்வையாளன் என்று என் கையெழுத்தைக் கேட்கிறீர்கள். முழுவதும் படித்தேன், நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். 'ஒரு வரி விடுபட்டிருக்கிறது. காரணம் கவனக்குறைவு' என்ற இடத்தில்தான் பேனா ஓடவில்லை. வரி விடுபடவில்லை ஐயா. அவன் எழுதியிருந்தான், நான் எடுத்தேன். முந்தின நாள் எல்லோரும் மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு கையுறையில் ஈரத்துணியை அடைத்துக் கத்திக்கடியில் வைத்துச் சோதித்தேன். கையுறை மாற்றி மாற்றிப் பதினான்கு முறை. ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை அணைத்து, தொட்டி அடிவரை வடியும் மட்டும் காத்திருந்து, பிறகுதான் போட்டேன். பதினான்கு முறையும் வெட்டியது. அதன் பிறகே மறுநாள் பெடலில் கால் வைத்தேன்.

ஆகவே அந்த ஒரு சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். என் மேற்பார்வையில் கவனக்குறைவால் இதுவரை எதுவும் நடந்ததில்லை.