நிரந்தரமாக மூடப்பட்ட கடையில் ஒரு நாஷ்டா

"ஓசியில வந்த மாட்ட பல்ல புடிச்சி... இன்னாவோ வரும் சார் அதுக்கப்புறம். எங்க பெரியப்பா சுப்பராயன் சொல்லிக்கினே இருப்பாரு. பாருன்னாரா, பாக்காதன்னாரா, அதுதான் ஞாபகம் இல்ல. பாக்காதன்னுதான் நெனைக்கிறேன். நானும் பாக்கல. மேப்பு ஓசின்னான், வாங்கிக்கினேன். வீடியோ ஓசின்னான், வாங்கிக்கினேன். போட்டோ வெச்சிக்கறது ஓசி, பேசறது ஓசி. இப்ப இன்னாடான்னா மாடு என் வாய தொறந்து பல்ல எண்ணிக்கினு கீது. உக்காருங்க சார், அந்தப் பக்கம், ஃபேனு அங்கதான் சுத்தும். பொங்கலா, இட்லியா? இட்லி கீது... ஆனா நீங்க பொங்கல் சாப்புடுங்க."

வந்தவர் இன்னும் வாயையே திறந்திருக்கவில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் பின்பக்கச் சாலையில், காலை ஷிப்டு உள்ளே போய் அடங்கிய நேரத்தில், தோளில் பையோடு வாசலில் நின்று போனையும் கடையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பரசுராமனுக்கு அது போதும். ஆளை உள்ளே உட்கார்த்தி, இலையைப் போட்டு, தண்ணீரைத் தெளித்து, பேச்சை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொண்டார். அது முந்தாநாள் வேறு யாரிடமோ விட்டதாக இருக்க வேண்டும்.

"சாம்பார் ஊத்திக்கோங்க. கன்னிம்மா, சாருக்கு வடை... அது என் சம்சாரம், உள்ள கீது. நான் பேச்சு, அது வேல. இன்னா சொல்லிக்கினு இருந்தேன்... ஆங், பல்லு. போன மாசம் முட்டி வலிக்குதுன்னு கன்னிம்மாவாண்ட சொன்னேன் சார். இதே ரூமுல. போனு அந்த ஜன்னல் கட்டையில கீது. கன்னிம்மா காதுலயே வாங்கல. போனு வாங்கிக்கிச்சி. மறுநாள் தொறந்தா முட்டித் தைலம், முட்டி பெல்ட்டு, முட்டி மாத்தற ஆஸ்பத்திரி. இத்தினி வருசம் குடித்தனம் பண்ணவ கேக்காதத அது கேக்குது. கோவம் வரணுமா இல்லியா? வந்திச்சி. ஆனா உண்மைய சொல்லணும்னா, உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசமாவும் இருந்திச்சி. நம்மளயும் ஒருத்தன் விசாரிக்கிறானேன்னு. அந்த தைலத்த வாங்கிக்கூட தேச்சேன். நல்ல தைலம் சார், அதுதான் பேஜாரு. கெட்ட தைலமா இருந்தா திட்டறதுக்கு வசதியா இருக்கும்.

எங்க ஊர்லயும் பெரிய ஆளுங்க ரெண்டு மூணு பேரு இருந்தாங்க. ஏரி மதகு அவங்க சொன்னாதான் தொறக்கும். ஊரே அவங்கள திட்டும், ஊரே அவங்கள பாத்தா துண்ட எடுக்கும். அதேதான் இப்பவும். இந்த போனுக்குள்ள மூணு நாலு பேருதான பெரிய ஆளுங்க? ஆனா அன்னிக்கி ஒரு வசதி இருந்திச்சி. அநியாயம் பண்ணா ஊட்டாண்ட போய் நின்னு கத்தலாம். கேக்கலியா, ரெண்டு கை மண்ண வாரி வாசல்ல தூத்திட்டு வரலாம். எங்க சின்னம்மா முத்தம்மா அப்பிடித்தான் ஒரு தபா தூத்திட்டு வந்து, அன்னிக்கி நல்லா தூங்கினாங்க. இவனுங்களுக்கு வாசல் எங்க சார் கீது? மண்ண வாரி தூத்தறதுக்காவது ஒரு வாசல் வேணாமா? தேடிப் பாத்தேன். அவன் மேப்புலயே தேடுனேன். அமெரிக்காவுல ஒரு எடத்த காட்டி, இங்கேர்ந்து பஸ்ஸு வழி கெடையாதுன்னு சொல்லிட்டான்.

சிரிக்கறீங்க. என் பொண்ணு பூமிகாவும் சிரிக்கும். கோயம்புத்தூர்ல காலேஜு படிக்குது. 'அவ்ளோ கஷ்டமா இருந்தா வுட்டுடேன்பா, யாரு உன்ன புடிச்சி வெச்சிக்கினு கீறாங்க'ன்னு கேட்டுச்சி. ரோசம் வந்திருச்சி. போன எடுத்து அரிசி டிரம்முக்குள்ள போட்டு மூடுனேன். சத்தியமா போட்டேன். கொஞ்ச நேரத்துல கேஸ்காரன் வந்து நம்பர் சொல்லுன்றான். நம்பரு போன்ல, போனு டிரம்முல. அப்பறம் ஒருத்தரு தின்னுட்டு ஸ்கேன் பண்ணிட்டேன்றாரு. வந்திச்சா வரலியா, யாருக்குத் தெரியும்? அவர் மூஞ்சையே பாத்துக்கினு நிக்கறேன். அதுக்குள்ள கன்னிம்மா ஒல வெக்கணும்னு படியோட வந்து நிக்குது. சாயங்காலம் ஆவறதுக்குள்ள நானே கைய வுட்டு எடுத்துட்டேன். ஸ்பீக்கர் ஓட்டையில அரிசி நொய்யி பூந்துக்கிச்சி. அத எப்பிடி எடுக்கறதுன்னு அந்த போன்லயே வீடியோ பாத்தேன் சார். வெக்கமா இல்லியான்னு கேக்காதீங்க. இருந்திச்சி. ஆனா வீடியோ நல்லா வெளங்கற மாதிரி சொல்லிக் குடுத்தான்."

வந்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பரசுராமன் அதைப் பார்க்காதவர் போல இன்னொரு கரண்டி பொங்கலை இலையில் வைத்தார். சாப்பிடுகிற மனிதன் எழுந்து போக முடியாது என்பது கடை நடத்தி அவர் கற்ற பாடம்.

"இதெல்லாம் பரவால்ல. பல்லு எண்ணட்டும், முட்டிய எண்ணட்டும். கடைய மூடுனான் பாருங்க, அதான் தாங்கல. தொறந்து கெடக்கற கடைய சார். ஆடி மாசத்துலேர்ந்து மேப்புல என் கட மூடிக் கெடக்குது. தற்காலிகமா கூட இல்ல, நெரந்தரமா. இங்க பழைய ஆளுங்க இப்ப கம்மி. ஒடிசாக்காரங்க, பீகார்காரங்க, மெட்ராஸ்லேர்ந்து ரயில்ல வந்து எறங்கற புள்ளைங்க. யாரும் வாயத் தொறந்து வழி கேக்கறதில்ல, போன பாத்து நடக்கறாங்க. என் கடைய தாண்டி நடக்கறாங்க சார். நெய் வாசன மூக்குல ஏறுது, தல போன்ல கீது. ஒருத்தன் வந்தான், இந்த வாசப்படியில நின்னான், என் மூஞ்ச பாத்துக்கினே கேக்கறான், 'அண்ணா, இந்த கடை மூடிட்டாங்களா?' நான் கரண்டியோட நிக்கறேன். இன்னா சொல்றது? இல்லப்பான்னேன். போன காட்டி, 'மூடியிருக்குன்னு போட்ருக்கே'ன்னான். எனக்கே ஒரு நிமிசம் சந்தேகம் வந்திருச்சி.

தீபாவளி வரைக்கும் பாரு, அதுக்கப்பறம் அடுப்ப அணச்சிட்டு ஸ்டீபனாண்ட போன்னு கன்னிம்மா சொல்லிடுச்சி. ஸ்டீபன் ரோலிங் மில்லுக்கு ஆள் எடுக்கற லேபர் காண்ட்ராக்டரு. நல்ல மனுசன். கார்டு ரெடியா கீதுண்ணா, போட்டோ மட்டும் குடுன்றான். அதாலதான் எனக்கு ராவுல தூக்கம் இல்ல. அந்த ரோலிங் மில்லுல பதினாலு வருசம் டெம்ப்ரரியா இருந்தேன் சார். ஆறு மாசத்துக்கு ஒரு தபா ரெண்டு நாள் நிப்பாட்டுவாங்க. அப்பறம் புது கார்டு குடுத்து, புது ஆளு மாதிரி உள்ள இட்டுக்குவாங்க. அதே கேட்டு, அதே வாட்ச்மேன், 'வாப்பா, புதுசா'ன்னு கிண்டல் வேற. தல நரைச்ச புது ஆளு நானு. பர்மனெண்ட்டு ஆளுன்னா யூனிபார்ம் கலரே வேற. கேண்டீன்ல வரிசையே வேற. இந்தப் பக்கம் பொண்ணு பாக்க வந்தா, பையன் பர்மனெண்ட்டான்னு கேட்டுட்டு அப்பறம்தான் பேரு கேப்பாங்க. எங்க மாமனாரு என் பேர கடைசி வரைக்கும் கேக்கல.

அதான் சார், அந்த வேலைய வுட்டு இந்த முன்னாடி ரூமுக்கு தளம் போட்டு கட வெச்சேன். தளம் சார். ஓல இல்ல, ஷீட்டு இல்ல. நீங்க படிச்சவரு, உங்க போன்லேர்ந்து ஒரு தட்டு தட்டி, கட தொறந்துதான் கீது, பொங்கல் தின்னேன்னு போடுங்க. நான் போட்டா பரிசீலனையில கீதுன்றான். கடைய வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னான், அனுப்புனேன். போர்டு தெரியலன்றான். போர்டு எங்க கீது, ஆடிக் காத்துல பறந்துபோச்சி. மூடறதுக்கு ஒரு தட்டு, தொறக்கறதுக்கு ஒரு கச்சேரி."

வந்தவர் இலையை மடித்துவிட்டுக் கையைக் கழுவினார். போனை எடுத்து எதையோ தட்டிப் பார்த்தார். முதல் முறையாக ஒரு கேள்வி கேட்டார். பரசுராமன் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பக்கத்து பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

"இன்னா சார் கேட்டீங்க? ஓனர் கணக்குலேர்ந்து மூடுன மாதிரி காட்டுதா... அப்பிடியா காட்டுது? மெதுவா பேசுங்க சார். உள்ள காது கீது. முட்டி வலின்னா கேக்காது, இது கேக்கும்.

ஆடிக் கிருத்திகைக்கு திருத்தணிக்கு காவடி எடுத்துக்கினு போனோம். மூணு நாள் கட லீவு. லீவுன்னு போன்ல போட்டுடுப்பா, வந்து ஏமாந்து போனவன் ஒத்த ஸ்டார் குடுத்துட்டு போவான்னு பூமிகா சொல்லிச்சி. சரின்னு ஊத்துக்கோட்ட தாண்டி பஸ்ஸுல உக்காந்துக்கினே தொறந்தேன். அது இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த காட்டி, எதுன்னு கேட்டுச்சி. எனக்கு இங்கிலீஷு வராது சார். ஆனா அந்த ரெண்டு வார்த்த நல்லா வரும். டெம்ப்ரரி. பர்மனெண்ட்டு. பதினாலு வருசம் கார்டுல படிச்சது. பின்னாடி இன்னொரு வார்த்தையும் இருந்திச்சி, க்ளோஸ்டுன்னு. அத யாரு பாத்தா? உன் கட டெம்ப்ரரியா பர்மனெண்ட்டான்னு கேக்கறான்னு நெனச்சிக்கினேன். தள்ளுவண்டின்னா டெம்ப்ரரி. எனக்கு தளம் போட்டு கீதே. மில்லுல கேட்டு கேட்டு வாங்க முடியாதத, போனு கேக்காமயே குடுக்குதேன்னு கண்ணுல தண்ணியே வந்திரிச்சி. பக்கத்து சீட்டு ஆளு, இன்னாங்க தூசியான்னாரு. ஆமான்னேன். நல்லா அழுத்தி அமுக்குனேன் சார். பர்மனெண்ட்டு. உறுதியான்னு கேட்டான். உறுதின்னு அமுக்குனேன்.

அப்பறம் திட்டனது பூரா... ஆமா சார். நான்தான். கம்பெனிக்காரன் மூடிட்டான்னு கன்னிம்மா நம்புது. பூமிகா கம்பெனிக்கு இங்கிலீஷ்ல சண்ட போட்டு எழுதுது. தெரு பூரா அவன திட்டுது. இத்தினி பேரு திட்டறப்ப நடுவுல நான் எப்பிடி கைய தூக்கறது? அவனும் மறுத்துப் பேச மாட்டான். அவ்ளோ பெரிய ஆளு மேல பழி போட்டா தாங்கிக்குவான், எனக்குதான் தாங்காது. அவன் பண்ற அநியாயம் ஆயிரம் கீது, அதுல இது ஒண்ணு சேத்துக்கட்டுமேன்னு...

கன்னிம்மா. எப்ப வந்த?"

உள்ளறை வாசலில் கன்னியம்மா வடைத் தட்டோடு நின்றாள். தட்டை வந்தவர் முன்னால் வைத்தாள். புருஷனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர் பெஞ்சில் உட்கார்ந்தாள். கடை திறந்த நாளிலிருந்து அவள் அந்த பெஞ்சில் உட்கார்ந்ததில்லை.

"அது பேசாம உக்காந்தா பயமா கீது சார். நீங்களாவது எதுனா பேசுங்க. நானும் உங்கள இன்னா வேலன்னே கேக்கல பாருங்க... இன்னா கார்டு இது? பார்சல் ஆபீசா. எடம் பாக்க வந்தீங்களா. இந்த ரோட்டுல... காலி எடமா. அப்ப நாஷ்டாவுக்கு வரலியா நீங்க?

மேப்புல மூடுன கடையா தேடிக்கினு வந்தீங்களா? என் கட மூடியிருக்குன்னா வந்தீங்க?

சிரிக்காத கன்னிம்மா. சார், அதுக்கு சிரிப்பு வராது, வந்தா நிக்காது. சரி, சொல்லுங்க. முன்னாடி ரூமு வேணும், பார்சல் வந்து எறங்கும், ஆளுங்க வந்து வாங்கிக்கினு போவாங்க. பாத்துக்கறதுக்கு நானே இருக்கலாம். யாருக்கு பார்சல்? அந்தப் பெரிய கம்பெனிக்கா... போனுக்குள்ள கீற மூணு நாலு பேருல ஒருத்தன்தானா. பார்சல் வரலன்னா ஜனங்க யாராண்ட வந்து கத்துவாங்க? என்னாண்டதான. அவன் பேரு போர்டுல, என் மூஞ்சி கல்லாவுல. எத்தினி நாளைக்கி? பதினோரு மாச அக்ரிமெண்ட்டா. அப்ப இதுவும்... சரி சார், அந்த வார்த்தைய சொல்லாதீங்க, புரிஞ்சிடுச்சி.

கன்னிம்மா, நீ இன்னா சொல்ற? இந்தப் பக்கம் திரும்பு. திட்றதுன்னா திட்டிடு, சாருக்கு முன்னாடியே திட்டிடு. தீபாவளிக்கி இன்னும் நாள் கீது. நீ ஒரு வார்த்த சொன்னா நாளைக்கே ஸ்டீபனுக்கு போட்டோ குடுத்துடறேன். புது ஆளு மாதிரி போய் நிக்கறேன். இன்னா?

...அடுப்பு எங்க போவும்னு கேக்குது சார். என்ன கேக்கல, உங்கள கேக்குது."

வந்தவர் ரூமை ஒருமுறை கண்ணால் அளந்தார். கன்னியம்மா எழுந்து, கையை நீட்டி, பார்சலுக்கு எதுவரை என்று காட்டினாள்.

முன்னறையில் பாதியைப் பரசுராமன் பார்சலுக்கு விட்டார். மறுபாதியில் அடுப்பு எரியும் என்று அக்ரிமெண்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டார். ஸ்டீபனுக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னார்.