வடிவு அழுத நாள்

தலைமை ஏற்றிருக்கும் ஊர்ப் பெரியவர் அவர்களே! ஆலங்காயத்திலிருந்து மலையேறி வந்த நண்பர்களே! சாமைக் கொல்லையிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு நேரே வந்து அமர்ந்திருக்கும் என் தாய்மார்களே! உங்கள் டாக்டரம்மாவின் பணிவான வணக்கம்.

இன்று திறக்கும் இந்தக் குழந்தைகள் காப்பகம் எதற்கு என்று கேட்கிறீர்கள். வேடியப்பனின் கதையை, அவர் சம்மதத்தோடு சொல்கிறேன்.

மனைவி செல்லியம்மாள் பிரசவத்தில் போனாள். காட்டோரம் ஒற்றை வீடு. குழந்தை வடிவைத் தூளியில் இட்டுவிட்டு உழப் போவார். நடுவில் ஓடிவந்து பாலூட்டி ஓடுவார். பால் இருந்தது, பார்க்க முகமில்லை! தூளி இருந்தது; ஆட்டக் கையில்லை!

அவளுடைய இரண்டு வயதில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவந்தார். "ரொம்ப நல்ல கொயந்தங்க. அழுவவே அழுவாது. ஆனா சிரிக்கவும் மாட்டேங்குது. இன்னா மருந்து குடுப்பீங்க?"

வெல்லத்தை உதட்டில் வைத்தேன். விழி அசையவில்லை.

என்ன மருந்து கொடுப்பேன்? மூளையில் டோபமின் சுரக்கிறது. ஆசையும் ஊக்கமும் அதனால். செரோடோனின் சுரக்கிறது, மன அமைதிக்கு அது துணை. சுரந்தால் போதுமா? வாங்கிக்கொள்ள ஏற்பிகள் வேண்டாமா? மழை பெய்தாலும் பாறை குடிக்குமா? அந்த ஏற்பிகள் கூர்மையாவதும் மந்தமாவதும், பிறந்த முதல் ஆண்டுகளில் கிடைக்கும் தொடுகையையும் குரலையும் பொறுத்தது என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். என்ன பாஞ்சாலி, முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறாய்? கொஞ்சலுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்றா? கேள் அம்மா!

"மடியில் வைத்துப் பேசுங்கள்" என்றேன்.

"செல்லி போனதுல இருந்து நானே யார்கிட்டயும் பேசறதில்லீங்க. இன்னாத்த பேசறது?"



ஆனாலும் பேசினார்! முதுகில் கட்டிக்கொண்டு உழும்போது பேசினார். புளி உலுக்கும்போது பேசினார். பதில் தராத முகத்தைப் பார்த்து ஓராண்டுக்கு மேல் பேசினார்!

ஒருநாள் எங்கள் ஆஸ்பத்திரி ஆயா கன்னியம்மாளிடம் மகளை விட்டுவிட்டுச் சந்தைக்கு இறங்கினார். தகப்பன் தலை மறைந்ததும் வீறிட்டாள் வடிவு!

கன்னியம்மாள் ஓடினாள். "அண்ணா, நில்லு! உன் பொண்ணு அழுவுது!"

ஓடிவந்து மகளை அள்ளிக்கொண்டார். "எனக்காவ அழுவுதுங்க, டாக்டரம்மா! என்னத் தேடுதுங்க!" என்று தாமும் தேம்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. சிரிப்பு இன்னும் அரிதாகவே வருகிறது. பெருஞ்சத்தம் அவளை நடுக்குகிறது. அதோ, கூட்டத்தை விட்டு விலகி, மரத்தடியில் தகப்பன் மடியில் இருக்கிறாள்.

தாய்மார்களே! நீங்கள் கொல்லை வேலைக்குப் போகும் நேரத்தில் உங்கள் பிள்ளையை வாரியெடுக்க இங்கே கைகள் இருக்கும். பெயர் சொல்லி அழைக்கக் குரல் இருக்கும். எந்தப் பிள்ளையும் இனித் தனியே கூரையைப் பார்த்துக் கிடக்க வேண்டாம்!

செவிகொடுத்த உங்களுக்கு நன்றி. கை தட்டாதீர்கள், குழந்தை பயப்படுவாள். சத்தமின்றிக் கைகூப்புங்கள், போதும். நானும் அப்படியே வணங்கி அமர்கிறேன்.