மயிலம்மாள் அக்கா காய்ச்சிய நோன்புக் கஞ்சி

அவைத் தலைவர் அர்ச்சுனன் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, மறைந்த மயிலம்மாள் அக்காவின் மகள் ரதி அவர்களே, லிங்கி ரப்பர் தோட்டத்திலிருந்து ஆளுக்கொரு திசையாகப் பிரிந்து இன்று இந்த மம்பாவ் கோயில் மண்டபத்தில் மீண்டும் கூடியிருக்கும் என் சொந்தங்களே, கனத்த நெஞ்சோடு வணங்குகிறேன்.

தோட்டத்தில் லோரி ஓட்டிய நான், நம் முஸ்லிம்களின் சிறு தொழுகைக்கூடமான சூராவின் செயற்குழு சார்பில் பேச வந்திருக்கிறேன். இங்கே எனக்கென்ன வேலை என்று நம் தோட்டத்தார் கேட்க மாட்டீர்கள். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஆயாக்கொட்டகையில் நம் பிள்ளைகளை வளர்த்தவர் மயிலம்மாள் அக்கா. பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் இருட்டோடு விட்டுச் செல்லும் குழந்தைகளில் இந்துப் பிள்ளை எது, முஸ்லிம் பிள்ளை எது என்று அவர் பார்த்ததுண்டா? என் பிள்ளைகளும் அவர் மடியில் தூங்கியவர்கள்தாம்.

நோன்பு டிசம்பரில் வந்த ஒரு வருடம், லிங்கி ஆறு கரை புரண்டது. ஞாபகமிருக்கிறதா? சாலை மூழ்கியது. ஆற்றோரக் கிராமமான கம்பத்து மலாய்க் குடும்பங்கள் மேட்டிலிருந்த ஆயாக்கொட்டகையில் வந்து ஒதுங்கின. அத்தனை பேரும் நோன்பாளிகள். சூராவிலிருந்த கஞ்சிப் பானையை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. எதைக் கொண்டு நோன்பு திறப்பது?

அக்கா என் தாயார் ரஹ்மத் பீவியைத் தேடி வந்தார். பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சும் பானை இருக்கிறது, அதில் இறைச்சி வெந்ததே இல்லை என்றார். பிறகு தயங்கி, "பீவிம்மா, நீங்க அடுப்புகிட்டயே உக்காந்துக்குங்க. ஒவ்வொன்னயும் ஒங்ககிட்ட காட்டிட்டுத்தான் போடுவேன். யாரு மனசுலயும் ஒரு கேள்வி வரக்கூடாது லா" என்றார்.

அரிசி, பாசிப்பயறு, தேங்காய்ப்பால், மணத்துக்குப் பாண்டான் இலை. தோட்டத்தில் மிஞ்சியிருந்த அரிசியே அவ்வளவுதான். பானை கொதிக்கும் நேரத்தில், கீழ் லய வரிசையில் அக்காவின் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதாக ஒருவர் வந்து சொன்னார். இப்போதே போனால் சாமான்களை எடுத்துவிடலாம். என் தாயார் கரண்டியை வாங்கக் கை நீட்டினார். ஆனால் முதுமையும் நோன்பும் சேர, அந்தப் பானையைக் கிளறும் தெம்பு அவருக்கு இல்லை.

அக்கா சற்று நேரம் தம் வீட்டுத் திசையைப் பார்த்தார். "சாமான் பொறவு வாங்கிக்கலாம். இது அடிபுடிச்சா இத்தன பேரும் பசியோட படுக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கிளறினார்.

கம்பத்துப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்று பாங்கு சொன்னார். எல்லோருக்கும் ஊற்றிய பிறகே அக்கா தம் கிண்ணத்தை எடுத்தார். வெள்ளம் வடிந்தபோது அவர் வீட்டில் மிஞ்சியது சுவர்கள் மட்டும்.

ராயாப் பெருநாள் முடிந்த கையோடு அந்தக் கம்பத்தார் மண்வெட்டியும் வாளியுமாக வந்தார்கள். சேற்றை அள்ளினார்கள், சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அந்த வருடம் அவர்கள் கழுவிய வாசலில்தான் அக்கா பொங்கல் வைத்தார். அதன்பின் தோட்டம் மூடும்வரை, அக்காவின் கை படாமல் நம் நோன்புக் கஞ்சி வெந்ததில்லை.

அடுக்குமாடிக்குக் குடிவந்தும் அவர் மாறவில்லை. அங்கே துப்புரவு வேலை செய்யும் வங்காளதேசத்து ஷாஹின், படிக்கட்டில் தனியே அமர்ந்து வெறும் தண்ணீரில் நோன்பு திறப்பதைக் கண்டார். நடக்க முடியாத நிலையிலும், போன நோன்பு முழுவதும் பேரீச்சம்பழமும் சோறும் ரதியிடம் கொடுத்தனுப்பினார். ஊரில் அவர் அம்மா நலமா என்று தவறாமல் கேட்டுவரச் சொல்வாராம்.

அக்கா, உங்கள் முன்னால் உறுதி சொல்கிறோம். ரதியும் என் மனைவியும் உங்கள் நோன்புக் கஞ்சிப் பானையை ஏற்கிறார்கள். இந்த வட்டாரத்தில் இனி ஒருவரையும் தனியாக நோன்பு திறக்க விடமாட்டோம்.

ஷாஹின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் பேசிய தமிழ் அவருக்குப் புரிந்திருக்காது. கூட்டம் முடிந்ததும் அவரிடம் போங்கள். உங்கள் வீடு எது என்று காட்டுங்கள்.