வடித்துப் பார்த்தாயிற்று

அடுத்தவர் எச்சில் எனக்கு ஆகாது. விமானத்தில் பேசுவதற்குத் தலையில் மாட்டும் ஹெட்செட்டில் வாய்க்கு நேரே ஒரு சிறு பஞ்சு இருக்கும். ஒவ்வொரு மாணவனும் இறங்கிய பிறகு அதை ஸ்பிரிட் போட்டு இரண்டு முறை துடைப்பேன். மற்ற ஆசிரியர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பத்தொன்பது வருடமாகப் பறக்கச் சொல்லித் தருகிறேன். பூந்தமல்லி தாண்டியுள்ள எங்கள் ஓடுதளத்தில் ஞானசேகரனாகிய என் மாணவன் ஒருவனுக்கும் கீறல் விழுந்ததில்லை, இந்த ஜீவாவுக்கு முன்பு வரை.

ஜீவா அண்ணனூர்ப் பையன். அப்பா தட்சிணாமூர்த்திக்கு மின்சார ரயில் பணிமனையில் வேலை. பையனுக்குக் கை நல்ல கை, அதை நான் மறைக்கப் போவதில்லை. காற்று குறுக்கே அடித்தாலும் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாமல் இறக்குவான். ஆனால் நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுவான். பார்க்கவே அருவருப்பாக இருக்கும்.

ஒருநாள் ஆவடிக்கு மேலே கருமேகம் திரண்டு நின்றது. வேண்டுமென்றே, "அதுக்குள்ள போ" என்றேன். ஆபத்தென்றால் ஆசிரியர் சொன்னாலும் மறுக்க வேண்டும் என்பது முதல் வகுப்புப் பாடம். அவன் விமானத்தை மேகத்தின் பக்கம் திருப்பிவிட்டான். நான்தான் பிடுங்கித் திருப்ப வேண்டியிருந்தது. இறங்கியதும் ஏன் போனாய் என்று கேட்டேன்.

"நீங்க சொன்னா கரீட்டாத்தான் சார் இருக்கும். நாங்கோ இன்னாத்த கண்டோம்" என்று இளித்தான்.

பூம்பூம் மாட்டுக்கு லைசென்ஸ் கொடுத்தால் நாளைக்கு அது நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேகத்துக்குள் போகும். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

முதன்முதலாகத் தனியே பறக்கப் போகிறவன் ஆசிரியர் காலில் விழுவது எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். எந்த மகானுபாவன் ஆரம்பித்து வைத்தானோ தெரியவில்லை. தன் முறை வந்த அன்று ஜீவாவும் விழுந்தான். சாணியை மிதித்திருந்த என் ஷூவைத் தொட்டு, அதே கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். சாயங்காலம் அயனம்பாக்கத்துக்கு வீடு திரும்பியதும் அந்த ஷூவைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

கிளம்புவதற்கு முன் இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் பெட்ரோல் வடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பறக்கிறவனே பார்க்க வேண்டும் என்பது விதி. எங்கள் பிள்ளைகளோ, சார் பார்த்துவிட்டார் என்றால் தொட மாட்டார்கள். மறுபடி பார்ப்பது சாரைச் சந்தேகப்படுவதாம், மரியாதைக் குறைவாம். ஜீவா குப்பியோடு குனிந்தான்.

"நான் வடிச்சுப் பாத்தாச்சு" என்றேன்.

உடனே நிமிர்ந்தான். "நீங்களே பாத்துட்டீங்க, அப்பால இன்னா சார்" என்று குப்பியை என் கையில் கொடுத்தான்.

வேலிக்கு வெளியே பணிமனைச் சட்டையோடு, இனிப்புப் பெட்டியும் கையுமாக அவன் அப்பா நின்றிருந்தார். "சார் சொன்னபடி கேட்டுகினு போய்ட்டு வா நைனா" என்று குரல் கொடுத்தார்.

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையிலேயே வடித்துப் பார்த்திருந்தேன். இரண்டு நாளாக மழை. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்தது. நீலப் பெட்ரோலுக்கு அடியில் பாதிக் குப்பிக்குத் தண்ணீர் நின்றது. மறுபடியும் வடித்தேன், மறுபடியும் தண்ணீர்தான். குப்பியில் இருந்ததைப் புல்லில் ஊற்றினேன். குப்பியைத் துடைத்து எடுத்த இடத்தில் வைத்தேன். மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. அது நான் ஜீவாவுக்கு வைத்த பரீட்சை. ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் தேறியிருப்பான், நானே முதுகில் தட்டிக் கொடுத்திருப்பேன்.

முந்நூறு அடி ஏறியதும் இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. எதிரே, பிளாட் போடுவதற்காகச் சமன்செய்த வெற்று நிலம் விரிந்து கிடந்தது. நேரே போய் அதில் இறக்கினால் பிழைத்துக்கொள்ளலாம். ஓடுதளத்துக்குத் திரும்ப முயன்றால் உயரம் போதாது. இதையும் சொல்லித் தந்திருக்கிறேன். ஆனால் அவன், கீழே கையில் ரேடியோவோடு நின்ற என்னைக் கூப்பிட்டான்.

"சார், இன்னா சார் பண்றது?"

அந்த நேரத்திலும் என்னைத்தான் கேட்டான். மறுபடியும் கேட்டபோது குரல் உடைந்திருந்தது. பிறகு, நான் நின்ற பக்கமாக விமானத்தைத் திருப்பத் தொடங்கினான். ஓர் இறக்கை சரிந்தது. விமானம் வேலிக்கு அருகில் வந்து விழுந்தது. முதலில் ஓடியவர் தட்சிணாமூர்த்தி. பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஓடினார். அவர் போய்ச் சேரும்போது பையன் உயிரோடு இல்லை.

விசாரிக்க வந்த நீங்கள், என் ரேடியோ பழுதா என்று கேட்டீர்கள். இல்லை, நன்றாக வேலை செய்தது. என் கட்டைவிரல் பொத்தான் மேலேதான் இருந்தது. 'நேரே போ' என்று இரண்டே சொல். சொல்ல நேரமும் இருந்தது. நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஒன்றும் கற்றுக்கொண்டிருக்க மாட்டான்.