இடது மேல்கை எலும்பு

கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்க்கச் சொல்லித்தான் நான் பாடத்தைத் தொடங்குவேன், ஐயா. கண் திறந்திருந்தால் பிள்ளைகள் எலும்பை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும்.

திருவனந்தபுரத்தில் விலங்கியல் படித்தேன். மருத்துவம் படிக்க இடம் கிடைக்கவில்லை. நாகர்கோவிலில் இந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் நர்சு வகுப்புக்கு உடற்கூறு சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள், வந்தேன். வகுப்பில் ஏழு பெண்கள். பரீட்சையில் ஒவ்வொருத்தி கையிலும் ஓர் எலும்பைக் கொடுத்து, மேலே இருக்கும் அடையாளங்களைக் காட்டச் சொல்வார்கள். எந்த மேட்டில் எந்தத் தசை பிடித்திருந்தது, எந்தப் பள்ளத்தில் நரம்பு ஓடியது, எந்தத் துளை வழியே ரத்தக்குழாய் உள்ளே போனது. அதைச் சொல்லத் தெரிந்தால் தேர்ச்சி.

எங்கள் ஆஸ்பத்திரி எலும்புகளில் அடையாளம் எதுவும் இல்லை. வாங்கி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. இரண்டு ஆட்களின் எலும்புகளைச் சேர்த்து ஒரு ஆளாக ஆக்கியிருந்தார்கள். யாரோ வார்னிஷ் வேறு அடித்துவைத்திருந்தார்கள். விரல் பட்டுப்பட்டு மேடெல்லாம் தேய்ந்துபோய்விட்டது. நான் "இங்கே சொரசொரப்பாக இருக்கும்" என்பேன். கோமளவல்லி என்ற பெண் கண்ணை மூடித் தடவிவிட்டுச் சொல்வாள்.

"டீச்சர், இது எங்க அம்மை அப்பளம் இடுக கொழவி மாதிரில்லா இருக்கு. சொரசொரப்பு புஸ்தகத்துலதான் இருக்கு போல."

எல்லோரும் சிரிப்பார்கள். அவள் சொன்னது சரிதான்.

போன வருடம் ஒருத்தியைத் தவிர மற்றவர்கள் தோற்றார்கள். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இந்த வருடமும் இப்படி என்றால் வகுப்பை மூடிவிடலாம் என்றார். நல்ல எலும்பு வேண்டும் என்றேன். மெதுவாகச் சொல்லியிருப்பேன். அவர் காதில் விழவில்லை. இன்னொரு முறை கேட்டேன். அப்போதும் விழவில்லை.

அந்தக் கோடையில்தான் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பாழ்கிணற்றைத் தூர்வாரியபோது எலும்புகள் கிடைத்தன. அரசாங்க டாக்டர் பார்த்து, வயது வந்த ஆண், விழுந்து இறந்திருக்கலாம் என்று எழுதிவிட்டார். கழுவி அடுக்கிச் சரிபார்க்க அவருக்கு நேரம் இல்லையாம். உங்கள் ஏட்டு பகவதியப்பன் மூட்டையை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தார். உரியவர் வராவிட்டால் வகுப்புக்கே வைத்துக்கொள்ளலாம் என்று பெரிய டாக்டர் அனுமதி வாங்கியிருந்தார்.

நானே கழுவினேன். சேறு போகப் போக ஒவ்வொரு அடையாளமும் எழுந்து வந்தது. தொடை எலும்பின் பின்பக்கத்து வரி வரப்பு மாதிரி உயர்ந்திருந்தது. முழங்கைக்குப் பின்னால் நரம்பு போகும் பள்ளத்தில் என் சுண்டுவிரல் சரியாகப் படுத்தது. உழைத்த உடம்பு, ஐயா. தசை எங்கே இழுக்கிறதோ அங்கேதான் எலும்பு எழும்பும். படித்ததெல்லாம் உண்மை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இடது மேல்கை எலும்பின் நடுவில், தோள்தசை மேட்டுக்குக் கீழே, இன்னொரு மேடு இருந்தது. புத்தகத்தில் இல்லாத மேடு. ஒடிந்து கூடிய எலும்பு என்று பார்த்ததும் தெரிந்தது. எலும்பு கட்டும் ஆசான் யாரோ மூங்கில் பத்தை வைத்து நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்.

மறுநாள் காலையில் ஏட்டு வந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சரு மனுசனெக் கண்டா வாயைத் தொறக்காது, எலும்பெக் கண்டா கொஞ்சும்னு ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. நாளைக்கி ஒரு பொம்பளை வருவா. கருப்பட்டி யாவாரி சுயம்புன்னு ஒருத்தன், ரெண்டு வருசமாட்டு ஆளைக் காணல்லெ. அவன் பொண்டாட்டி முத்துக்கனி. அவனுக்கு சின்னப்பிள்ளையில பனையில இருந்து விழுந்து எடது கை ஒடிஞ்சு கூடினதாம். அதெ மட்டும் பாத்துச் சொல்லிரணும்."

அடையாளம் சரியானால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஆவுகதுக்கு என்ன? கொண்டுபோவா. அவிய அய்யாவழிக்காரங்க. எரிக்க மாட்டாவ. வடக்கெப் பாத்து இருத்தி அடக்கம் செய்வாவ."

பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது.

ஊசிமருந்துக் குப்பியின் கழுத்தை அறுக்க ஒரு சின்ன அரம் வைத்திருப்போம். மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் அதை எடுத்தேன். நினைத்ததைவிட மேடு கெட்டியாக இருந்தது. ராவியபின் உப்புத்தாள் போட்டேன். அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது. தேயிலைச் சாயத்தில் துணியை நனைத்து ஒற்றி நிறத்தைச் சரிசெய்தேன். லேசான வளைவு ஒன்று மிஞ்சியது. அது படித்த கண்ணுக்குத்தான் தெரியும். அரம் சறுக்கி, மேலே இருந்த தோள்தசை மேட்டிலும் பாதி போய்விட்டது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. வலது கையில் அதே மேடு முழுதாக இருந்ததால் பாடத்துக்குக் குறை வரவில்லை.

முத்துக்கனி வந்து வாசலிலேயே நின்றாள். என் வயதுதான் இருக்கும். உள்ளே வரச் சொன்னேன். ஒடிந்து கூடிய அடையாளம் எதுவும் இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். அவள் மனதில் சந்தேகம் இருக்கக் கூடாது என்று அந்த எலும்பை அவள் கையிலேயே கொடுத்தேன்.

"மழை பெய்ஞ்சா அவியளுக்கு இந்தக் கை கடுக்கும், டீச்சர். நான்தான் எண்ணெய் போட்டு நீவுவேன். நீவும்போ ஒரு முண்டு தட்டுப்படும்" என்றாள்.

மேலிருந்து கீழே கட்டைவிரலால் நீவினாள். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றது. திரும்ப நீவினாள். பிறகு எலும்பை இரண்டு கையாலும் பிடித்து மேசையில் வைத்தாள்.

"இது வேற ஆரோ, டீச்சர். முண்டு இல்லெ. அப்பொ அவிய இருக்காவ."

அவள் சிரித்தாள், ஐயா. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு அவளை அழவைத்து அனுப்பியிருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை.

அதற்குப்பின் நடந்தது என்னால் நடந்ததல்ல. சுயம்புவின் அண்ணன் பொன்னுலிங்கம், தம்பி கொழும்பில் வேறொருத்தியோடு இருக்கிறான் என்று முன்பிருந்தே சொல்லிவந்தான். எலும்பும் அவனுடையது இல்லை என்று ஆனதும் அதுவே ஊர்ப்பேச்சாகிவிட்டது. "பெண்டாட்டி சரியா இருந்தா ஆம்பளை என்னத்துக்குக் கடல் தாண்டுகான்" என்று சொல்லி அவளை வீட்டைவிட்டு இறக்கிவிட்டான். அவர்கள் கும்பிடும் நிழல் தாங்கலில் தூத்துப் பெருக்கிக்கொண்டு அங்கேயே கிடந்தாளாம். இரண்டு முறை ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தாள். கொழும்புக்குப் போகிற யாரையாவது எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. பாட நேரத்தில் இப்படி வந்து நின்றால் எரிச்சல் வராதா.

பிள்ளைகள் படித்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோமளவல்லி கண்ணை மூடிக்கொண்டு வலது எது இடது எது என்று சொல்லி, மேட்டையும் பள்ளத்தையும் வரிசையாகத் தொட்டுக் காட்டினாள். "இப்பொ புஸ்தகம் வேண்டாம் டீச்சர், இந்த ஆளே பேசுகாரு" என்றாள். என் வகுப்பில் முதல்முறையாக நான் பேச வேண்டியிருக்கவில்லை.

பரீட்சை எடுக்க டாக்டர் ஜஸ்டஸ் வந்தார். ஏழு பேரும் தேறினார்கள். இவ்வளவு நல்ல எலும்பு எங்கே கிடைத்தது என்று கேட்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். இடது மேல்கை எலும்பை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். வலதுகை எலும்பைப் பக்கத்தில் வைத்தார். நகத்தால் கீறினார்.

"இது ஒடிஞ்சு கூடின எலும்பு. மேட்டை யாரோ அரம் போட்டு எடுத்திருக்கிறார்கள். யார்?"

நான்தான் என்றேன். அதுவரை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முன்பே சொல்லியிருப்பேன். அவர் உங்களுக்குத் தகவல் சொன்னதும் எலும்பு மூட்டை ஸ்டேஷனுக்குத் திரும்பி வந்தது.

நேற்று நீங்கள் முத்துக்கனியை இங்கே வரவழைத்தபோது நானும் இருந்தேன். அது சுயம்புவின் கைதான், அடையாளத்தை நான்தான் அழித்தேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் நினைக்கவில்லை. அவள் என்னைக் கோபித்திருக்கலாம். கோபிக்கவும் இல்லை. உங்களைப் பார்த்துப் பேசினாள்.

"இந்த டீச்சரைக் கொண்டு ஆரோ இப்பிடிச் சொல்ல வைக்காவ, ஏமானே. நான் என் கையாலே நீவிப் பாத்தேன். பத்து வருசம் நீவின கை. எனக்குத் தெரியாதா? ஆருக்கோ உள்ளதெக் கொண்டுபோயி நான் வடக்கெப் பாத்து இருத்தினா, நாளைக்கி அவிய வந்து கேப்பாவ."

நான் மறுபடியும் விளக்கினேன். அரம், உப்புத்தாள், தேயிலைச் சாயம் எல்லாம் சொன்னேன். எக்ஸ்ரே எடுத்தால் உள்ளே ஒடிந்த கோடு தெரியும் என்று டாக்டர் ஜஸ்டஸ் சொன்னதையும் சொன்னேன். ஒடிஞ்ச கை ஊரில் எத்தனையோ உண்டு என்றாள். மூட்டையைத் தொடவில்லை. எழுந்து, சேலையை உதறிக்கொண்டு, நிழல் தாங்கலுக்கே போய்விட்டாள்.

உள்ளதைச் சொல்லியும் நம்பாதவளிடம் நான் இன்னும் என்ன செய்வது. தெளிவாகத்தான் சொன்னேன். இதற்கு மேல் மறைத்தது எதுவும் இல்லை, கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும், ஐயா. அந்த மூட்டை உங்கள் ஸ்டேஷன் மூலையில் ஈரத்தில் கிடக்கிறது. உரியவர் எடுக்காவிட்டால் வகுப்புக்கு என்றுதான் அனுமதி. திங்கட்கிழமை புதுப் பிள்ளைகள் சேருகிறார்கள்.