நாலாவது தோள்

சத்தியம் தம்பி, சத்தியம்! இந்த ரொட்டி மேல அடிச்சுச் சொல்றேன், மாதாகோயில் மணி மேல அடிச்சுச் சொல்றேன். நான் சொன்னதுல ஒரு எழுத்து பொய்யிருந்தா, கோபுரத்து மேல நிக்குதே அந்த நாரை, அது பறந்து வந்து என் தலையில எச்சம் போடட்டும். பாருங்க, போடல. திரும்பிக்கூடப் பாக்கல. அப்புறமென்ன?

கோடையில சாயங்காலமானா எங்க கோபுரத்து நிழல் கிளம்பி பக்கத்து ஊரு வில்யகோர்தா வரைக்கும் போகும். போயி அந்த ஊர் நடுவுல படுத்துக்கும். வழியில ஒரு மேடு கிடையாது, மருந்துக்கு ஒரு மரம் கிடையாது, யாரு தடுக்கறது? கோதுமை என்னதான் நிமிந்து நின்னாலும் இடுப்பு உயரம்தானே. அந்த ஊர்க்காரனுங்க நாற்காலியத் தூக்கிட்டு வந்து எங்க நிழல்ல உக்காந்து சீட்டாடுவானுங்க. ஓசி நிழல்! நீங்க வர்றப்ப கோபுரத்துக்குக் கீழ நின்னு உங்க காரை முறைச்சாரே ஒரு நெட்டை ஆளு, எவெலியோ, அவருதான் நியாயம் கேக்கப் போனாரு. நிழல் எங்களுது, சொகுசு உங்களுதான்னு கேட்டாரு. அவனுங்க அலட்டிக்கவே இல்ல. உங்களுதுன்னா சுருட்டி எடுத்துட்டுப் போய்யான்னுட்டானுங்க. எவெலியோ குனிஞ்சு ஒரு ஓரத்தப் புடிச்சு இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தாரு.

சிரிங்க, சிரிங்க. சிரிச்சா வயித்துல எடம் வரும். இந்தாங்க, இன்னொரு துண்டு. சீஸோட சாப்பிடுங்க, வெறும் ரொட்டி தொண்டையில நிக்கும். எங்க ஆட்டுப் பால்தான். ஒயினும் ஒரு வாய். காரா? இப்பவா ஓட்டப் போறீங்க? சும்மா உதட்ட நனைங்க, போதும். ஆங், உள்ள போயிடுச்சுல்ல? அவ்வளவுதான் வேணும்.

மாதாகோயிலப் பாக்கணுமா? சாவி என் வீட்டுக்காரி தொமித்திலாகிட்டதான் எப்பவும் இருக்கும். உள்ள படுத்திருக்கா. அய்யோ, கூப்பிடாதீங்க. எழுந்திருக்க மாட்டா. பன்னெண்டு மணிக்கு சாமியார் வர்றாரு, அப்பக் கதவு திறக்கும். பதினாலு ஊருக்கு ஒரே சாமியாரு தம்பி. பாதி பூசைய கார் ஓட்டிட்டே முடிச்சிருவாரு, மீதிய எங்க தலையில கட்டுவாரு. அதுவரைக்கும் இந்த வெயில்ல உக்காருங்க. பிப்ரவரி வெயிலு, சுவத்தோட ஒட்டி உக்காந்தாத்தான் ஒட்டும். அந்த வட்டமான மண்ணு புறாமாடம் எங்கயும் ஓடிறாது, அப்புறமா படம் புடிச்சுக்கலாம்.

இல்ல, சும்மா புடிச்சு வைக்கல உங்கள. ஒரு காரியம் இருக்கு. மறைக்க என்ன இருக்கு, சொல்லிடறேன். இந்த வீட்டுலேருந்து ஒண்ண மாதாகோயிலுக்குத் தூக்கணும், அங்கேருந்து கொஞ்சம் மேட்டுப் பக்கம். நாலு தோள் வேணும். மூணுதான் இருக்கு. எவெலியோ ஒண்ணு. எதிர்வீட்டு அபுந்தியோ ரெண்டு, ஆளு குட்டை, அவன் தோள் மேல சாக்கு மடிச்சு வெச்சு சரிக்கட்டிருவோம். மூணாவது ரொட்டிக்கார நிக்காசியோ. வேன நிறுத்திட்டு, இன்னைக்கு மத்த ஊரெல்லாம் மத்தியானம் ரொட்டி தின்னாப் போதும்னுட்டு நிக்கறான். நல்லவன். நாலாவதா ஃபிதென்சியோ இருந்தான், போன இலையுதிர் காலத்துல மக வந்து பில்பாவோ பட்டணத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. எட்டாவது மாடியாம். மாட்டை ஏத்துன மாதிரி ஏத்தி வெச்சிருக்கா.

ஆகஸ்ட்டுல வந்திருந்தீங்கன்னா ஊரு பூரா தோளாத்தான் இருக்கும். திருவிழாவுக்கு வர்றவன் எல்லாம் நான் பொசலேராக்காரன், நான் பொசலேராக்காரன்னு மார் தட்டுவான். பிப்ரவரியில தட்டறதுக்கு மாரும் இல்ல, ஆளும் இல்ல.

நான் தூக்கக் கூடாதான்னா, கூடாது. முதுகெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்கு இன்னைக்கு அனுமதி இல்ல. வழக்கம் அப்படி. இருங்க, சொல்றேன்.

சக்கரம் வெச்ச வண்டி இருக்கு. டவுன்லேருந்து வந்தவங்க கொண்டாந்து வெச்சிருக்காங்க, அதோ அந்த மூலையில, பளபளன்னு. உருட்டிட்டே போயிடலாம்ங்கறாங்க. ஆனா தொமித்திலாவுக்குச் சக்கரம்னா ஆகாது. என்னை உருளைக்கிழங்கு மூட்ட மாதிரி உருட்டிட்டுப் போனேன்னு வெச்சுக்க, திரும்பி வந்து உன் காத அறுப்பேன்னு சொல்லியிருக்கா. நானும் சரின்னு தலையாட்டிட்டேன். அவ சொன்னதுக்கு நான் ஆட்டாத தலையா?

அவ குரல நீங்க கேட்டதில்ல. இந்த வாசப்படியில நின்னு சத்தூரியோன்னு சாப்பாட்டுக்குக் கூப்பிடுவா. நான் எந்த வயல்ல டிராக்டர் மேல இருந்தாலும் காதுல விழும். எனக்கு மட்டுமா? வில்யகோர்தாவுல ஒரு தச்சன் இருந்தான், அவன் பேரும் சத்தூரியோ. ஒரு நாள் பாவம், அவன் உளியக் கீழ வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டான். நான் வீட்டுக்கு வந்து பாத்தா, என் நாற்காலியில உக்காந்து என் பூண்டு சூப்ப ஊதி ஊதிக் குடிக்கறான். என்னடி இதுன்னேன். கூப்பிட்ட குரலுக்கு மொதல்ல வந்தவனுக்குத்தான் சாப்பாடு, நீ போயி வில்யகோர்தாவுல சாப்பிட்டுக்கன்னுட்டா. நானும் போனேன் தம்பி. அந்தத் தச்சன் பொண்டாட்டி மீன் வெச்சிருந்தா. சத்தியமா!

இன்னைக்கு எந்தச் சத்தமும் இல்ல. காலையில இருந்து ஊரே பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி இருக்கு. முகம் மழிச்சேன். கொஞ்ச நேரம் கழிச்சு கன்னம் எரியுதேன்னு பாத்தா, மறுபடியும் மழிச்சிட்டு இருக்கேன். இந்தப் பக்கம் பாருங்க, ரத்தம். வலிக்கல. அபுந்தியோ வந்து கைய அமுக்கிட்டுப் போனான், அதுவும் யாரு கையையோ அமுக்கிட்டுப் போன மாதிரிதான் இருந்துச்சு. உள்ள நாலு தடவை போய்ப் பாத்துட்டேன். பாத்துட்டு வெளிய வந்துடறேன். வேற என்ன பண்றது?

ஆமா தம்பி.

அவளைத்தான்.

பரவால்ல, தொப்பியெல்லாம் கழட்ட வேண்டாம், குளுரும். நேத்து விடியக் காலம். சூப்பு வைக்கறேன்னா, வேண்டாம் படுத்துக்கன்னேன், படுத்துக்கிட்டா. ஜென்மத்துல மொத தடவையா என் பேச்சக் கேட்டா. நான் அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

புருஷன் தோள் குடுக்கக் கூடாது. மகன் குடுக்கக் கூடாது. எங்களுக்குப் புள்ள இல்ல, அந்த வம்பும் இல்ல. பக்கத்து வீட்டுக்காரங்க தோள்லதான் போகணும், சொந்தக்காரன் பின்னால கையக் கட்டிட்டு நடக்கணும். இது என் கதை இல்ல, இது உண்மையிலேயே பொசலேரா வழக்கம். எவெலியோவுக்கு இது வேதம். வெளியாள் தொடக் கூடாதும்பாரு. நிக்காசியோவையே இழுத்தடிச்சாரு, வெளியூர்க்காரன்னு. ஏன்யா, இத்தன வருஷமா அவன் குடுத்த ரொட்டிதானே உன் வயித்துல இருக்குன்னேன். சரி, நிக்கட்டும்னுட்டாரு.

உங்களுக்கும் வழி வெச்சிருக்கேன். செத்தவங்க வீட்டு வாசல்ல ரொட்டி தின்னு ஒயின் குடிச்சவன் அன்னைக்கு முழுக்க அந்த வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரன். அதான் சீஸோட சாப்பிடுங்க சாப்பிடுங்கன்னு உசுர வாங்கினேன். நீங்க கூப்பிடாமலே வந்தீங்க பாருங்க, அந்தத் தச்சனாவது கூப்பிட்டுத்தான் வந்தான்.

கோபமா? பட்டுக்கங்க. ஆனா நிக்காசியோவும் நீங்களும் ஒரே உயரம். கார்லேருந்து இறங்குனப்பவே அளந்துட்டேன்.

ம். கேக்குதா? கோயில் மணி. ரெண்டு அடி, நிறுத்தி ரெண்டு அடி. செத்தது பொம்பளைன்னா அப்படித்தான் அடிப்பாங்க. சாமியார் வந்துட்டாரு.

வர்றீங்களா? வாங்க தம்பி. நல்லா இருப்பீங்க. கேமராவ ஜன்னல்ல வைங்க, இங்க திருடறதுக்கு யாரிருக்கா. நீங்க பின்னால, வலது பக்கம். இடது கால எடுத்து வெச்சு நடங்க, எவெலியோ நடையப் பாத்துக்கங்க. கனமெல்லாம் இல்ல. கடைசியில பாதியாயிட்டா. சந்தேகமா இருந்தா தோள்ல வெச்சுப் பாருங்க, இதுல நான் கூட்டிக் குறைச்சுச் சொல்லல.

எவெலியோ உங்கள யாருன்னு கேப்பாரு. இந்த வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரன்னு சொல்லுங்க. ரொட்டி ஒயின் வழக்கத்த எடுத்து விடுங்க. அது எந்தக் காலத்து வழக்கம்னு முறைப்பாரு. இன்னைக்குக் காலத்துதான். ரெண்டாவது தடவை மழிக்கறப்ப தோணுச்சு.

அத உங்களுக்கு யாரு சொன்னாங்கன்னு மட்டும் யாருகிட்டயும் சொல்லிராதீங்க, தம்பி.